ஆடாத ஆட்டத்தின் விலை

கொள்கைக்காக இழப்பது பெருமை என்று மேடைதோறும் பேசப்படுகிறது. அந்த இழப்பு யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்று கேட்போர் மிகச் சிலரே. ஓர் அநீதியைக் கண்டு, "இதில் யாம் பங்குகொள்ளோம்" என்று ஒரு நாடோ ஒரு சமூகமோ முடிவு செய்யும்போது, அம்முடிவின் புகழ் எல்லோருக்கும் பொதுவாகிறது. அதன் நட்டமோ பெரும்பாலும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரின் வாழ்விலே விழுந்து விடுகிறது. இஃது நீதியா? நீதியன்று எனின், இதனைச் சீர்செய்யும் வழி யாது? இவ்வினாக்களை ஆராய்வதற்கு இவ்வாரம் சென்னையிற் பிறந்த ஒரு டெனிஸ் ஆட்டக்காரரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறோம். அவர் விஜய் அமிர்தராஜ்.

முள்ளியவளையிலிருந்து எழுதும் எமக்கு டெனிசோடு என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக் கூடும். உண்மைதான், அது எமது மண்ணின் விளையாட்டன்று. எமது பிள்ளைகள் அறிந்தவை உதைபந்தாட்டமும், வலைப்பந்தாட்டமும், கரப்பந்தாட்டமும், கிளித்தட்டுமே. ஆயினும் அமிர்தராஜின் வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சி உண்டு. அஃது ஆடிய ஆட்டமன்று. ஆடாது விட்ட ஆட்டம். அந்த ஆடாத ஆட்டம் கமக்காரருக்கும், ஆசிரியருக்கும், சட்டத்தரணிக்கும், அரசியல் தொண்டருக்கும் ஒருசேரப் பாடம் சொல்லுகிறது. அதனாலேயே அதனை இங்கு எடுத்துரைக்கிறோம்.

நோயாளிச் சிறுவன் நாடறிந்த வீரனாகிறான்

விஜய் அமிர்தராஜ் 1953ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் சென்னையிலே பிறந்தார். சிறு வயதில் அவர் அடிக்கடி நோய்வாய்ப்பட்டவர். அந்தப் பிள்ளையைத் திடமுள்ளவனாக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு அவரை டெனிஸ் மைதானத்திற்கு அனுப்பியவர் அன்னையார் மாகி அமிர்தராஜ். அந்த அம்மையார் வீட்டோடு அடங்கியிருந்தவரல்லர். அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்தியவர். தொழிலையும் பார்த்து, ஆனந்த், விஜய், அசோக் என்ற மூன்று புதல்வரையும் விளையாட்டிலே வளர்த்தார். மூவரும் விம்பிள்டனில் ஆடினர். எழும்பூர் டொன் பொஸ்கோ பள்ளியிலும் லொயோலாக் கல்லூரியிலும் படித்த விஜய், தமது இருபதாம் வயதுக்கு முன்னரே உலகத்தின் பெரும் ஆட்டக்காரரோடு சரிநிகராக நின்றார்.

அவருக்கு முன்னே வழி திறந்து வைத்தவர் ஒருவர் உண்டு. நாகர்கோயிலிற் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் இளைஞர் பட்டத்தை வென்றார். 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். 1959இல் அமெரிக்கரான ஜாக் கிராமர், மூன்றாண்டுகளுக்கு 150,000 டொலர் தருவதாகக் கூறி அவரைத் தமது தொழில்முறைக் குழுவுக்கு அழைத்தார். அக்காலத்திலே பணம் பெற்று ஆடுவோருக்கு விம்பிள்டனும் டேவிஸ் கிண்ணமும் மூடப்பட்டிருந்தன. கிருஷ்ணன் அந்தப் பணத்தை ஏற்கவில்லை. ஏழாண்டுகளின் பின், 1966இல், இந்தியா முதன்முறையாக டேவிஸ் கிண்ண இறுதியாட்டத்திற் கால் வைத்தபோது அணியின் தூணாக நின்றவர் அவரே. மெல்பேர்ணில் அவுஸ்திரேலியா 4-1 என வென்றது. எனினும் இந்தியா அத்தூரம் செல்ல முடியும் என்பது உலகுக்குத் தெரிந்தது.

1968இல் அந்தப் பழைய சுவர் இடிந்தது. தொழில்முறை ஆட்டக்காரரும் பெரிய போட்டிகளில் ஆடலாம் என்றாயிற்று. விஜய் அமிர்தராஜ் இப்புதிய காலத்தின் பிள்ளை. டெனிஸ் அவருக்குப் பொழுதுபோக்கன்று. அதுவே தொழில், அதுவே சீவனம். தொழில்முறை ஆட்டக்காரனுக்கு மாதச் சம்பளம் இல்லை. வென்றால் வருமானம்; தோற்றால் அடுத்த ஊருக்குச் செல்லும் செலவும் கையிலிருந்தே. இதனைக் கமக்காரருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மழையையும் நிலத்தையும் நம்பி வாழ்பவனைப் போல, அவன் தன் உடம்பையும் நல்ல காலத்தையும் நம்பி வாழ்பவன். வேறுபாடு ஒன்றே: நிலம் அடுத்த ஆண்டும் விளையும், ஆட்டக்காரனின் உடம்பு பத்துப் பதினைந்து போகங்களுக்கு மேல் விளையாது.

1973ஆம் ஆண்டு அவரது பெயர் எங்கும் பரவிற்று. அவ்வாண்டு விம்பிள்டனில் கால் இறுதியை அடைந்து, பின்னர் பட்டத்தை வென்ற செக்கோசிலோவாக்கிய வீரர் ஜான் கோடெசிடம் ஐந்தாம் செட்டில் 7-5 என்று மயிரிழையிற் தோற்றார். அமெரிக்காவில் பிரெட்டன் வூட்ஸ் போட்டியின் இறுதியிலே ஜிம்மி கொனர்சை வென்றார். அமெரிக்க ஓப்பன் போட்டியில் உலகப் புகழ்பெற்ற ரொட் லேவரை வீழ்த்திக் கால் இறுதிக்குச் சென்றார். அடுத்த ஆண்டு அதே களத்தில் இளம் வீரரான போர்க்கை ஐந்து செட்களில் வென்றார். அப்பொழுது அவருக்கு வயது இருபது.

1973 விம்பிள்டனைப் பற்றி ஒரு செய்தியையும் இங்கே குறித்துவைக்க வேண்டும். யூகோசிலாவியச் சங்கம் தன் ஆட்டக்காரரான நிக்கி பிலிச் என்பவருக்கு விதித்த தடையை எதிர்த்து, 81 தொழில்முறை ஆட்டக்காரர் அவ்வாண்டு விம்பிள்டனைப் புறக்கணித்தனர். அவர்கள் தாமே கூடித் தாமே முடிவெடுத்து, நட்டத்தையும் தாமே சுமந்தனர். கிருஷ்ணன் 1959இல் பணத்தை மறுத்ததும் அவ்வாறே அவரது சொந்த முடிவு. அடுத்த ஆண்டு அமிர்தராஜ் முன் வந்து நின்ற மறுப்போ வேறு வகையானது. அந்த வேறுபாடே எமது கட்டுரையின் உயிர்.

1974: கைக்கெட்டிய கிண்ணம்

டேவிஸ் கிண்ணம் நாடுகளுக்கிடையே நடைபெறும் போட்டி. 1900இல் தொடங்கிய அப்போட்டியை 1973 வரை வென்றவை நான்கே: அமெரிக்கா, பிரித்தானியத் தீவுகள், அவுஸ்திரேலியா, பிரான்சு. 1937 தொடக்கம் 1973 வரை கிண்ணம் அமெரிக்காவையும் அவுஸ்திரேலியாவையும் விட்டு அசையவேயில்லை. செல்வமும் வசதியும் நிறைந்த நாடுகளின் சொத்தாகவே அது இருந்தது.

1974இல் இந்த நிலை மாறியது. அவ்வாண்டு கல்கத்தாவில் நடைபெற்ற கிழக்கு வலய இறுதியில் இந்தியா அவுஸ்திரேலியாவை 3-2 என வென்றது. அந்த ஒரு போட்டியில் மொத்தம் 327 கேம்கள் ஆடப்பட்டன. டேவிஸ் கிண்ண வரலாற்றிலே அதுவே அதிகம். ஆனந்தும் விஜயும் தமையனும் தம்பியுமாய் ஒரே பக்கத்தில் நின்றாடிய காலம் அது. அடுத்துப் பூனாவில் சோவியத் ருஷ்யாவை இந்தியா 3-1 என வென்றது. எட்டாண்டுகளின் பின் இந்தியா மீண்டும் இறுதியாட்டத்திற்கு வந்தது. அமெரிக்காவும் இல்லை, அவுஸ்திரேலியாவும் இல்லை. இத்தகைய தருணம் இந்தியாவுக்கு முன்னும் வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை.

எதிரே நின்ற நாடு தென்னாபிரிக்கா.

இந்தியா ஆட மறுத்தது. நிறவெறி அரசின் அணியோடு ஒரே களத்தில் நிற்பதில்லை என்ற முடிவு அது. ஒரு பந்தும் அடிக்கப்படாமல் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போயிற்று. தென்னாபிரிக்கா வென்ற டேவிஸ் கிண்ணம் அஃது ஒன்றுதான். இந்தியா இன்றுவரை அக்கிண்ணத்தை வென்றதில்லை.

முடிவு சரியானதா?

முடிவு சரியானதே என்பது எமது திடமான கருத்து. அதற்குரிய காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லுவோம்.

தென்னாபிரிக்காவில் 1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி, மனிதரை நிறத்தாற் பிரிப்பதையே சட்டமாக்கிற்று. 1950ஆம் ஆண்டின் குழுப் பிரதேசச் சட்டம், எந்த நிறத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று வரையறுத்தது. டேர்பன் நகரத்துக் கேட்டோ மேனர் பகுதியில் வீடும் தோட்டமும் கோயிலுமாய் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் அச்சட்டத்தின் பெயரால் பெயர்த்தெறியப்பட்டனர். அவர்களுட் பலர் தமிழர். 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'துரூரோ' என்ற கப்பலிலே டேர்பனில் வந்திறங்கிய கூலித் தமிழரின் வழிவந்தோர் அவர்கள். வாழ்ந்த நிலத்தை விட்டுப் பெயர்வது என்றால் என்ன என்பதை வன்னி மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1960 மார்ச் 21இல் சார்ப்வில் என்னுமிடத்திலே கடவுப் பத்திரச் சட்டத்தை எதிர்த்துக் கூடிய கறுப்பின மக்கள்மீது பொலிசார் சுட்டதில் 69 பேர் மாண்டனர்.

"விளையாட்டையும் அரசியலையும் கலக்கலாமா?" என்பது அன்றும் கேட்கப்பட்ட கேள்வி, இன்றும் கேட்கப்படுகிறது. கலந்தவர் யார் என்பதே எமது மறுகேள்வி. டேர்பனைச் சேர்ந்த பப்வா செவ்கோலும் என்ற இந்திய வம்சாவளிக் கொல்ஃப் ஆட்டக்காரர் 1963இல் நேட்டால் ஓப்பன் போட்டியை வென்றார். வென்றவருக்குக் கழகக் கட்டிடத்துக்குள் நுழைய உரிமையில்லை. வெள்ளையர் உள்ளே நிற்க, வென்றவர் வெளியே மழையில் நின்று பரிசைப் பெற்றார். விளையாட்டுக்குள் அரசியலைக் கொண்டுவந்து வைத்தது அந்நாட்டின் சட்டம். அதனை எதிர்த்தவர்மீது கலப்படக் குற்றம் சுமத்துவது, களவு கொடுத்தவனையே கள்வன் என்பது போன்றது.

இன்னொரு வாதமும் உண்டு. "ஆடியே தோற்கடித்திருக்கலாமே, 1936இல் பேர்லினிலே ஜெசி ஓவன்ஸ் ஓடி வென்று இட்லரின் இனச் செருக்கை அடக்கவில்லையா?" என்பர். இவ்வாதத்துக்கு ஓரளவு வலிமை உண்டு. அமெரிக்கக் கறுப்பின வீரரான ஆதர் ஆஷ், பலமுறை அனுமதி மறுக்கப்பட்ட பின், 1973இல் தென்னாபிரிக்கா சென்று ஆடினார். தமது கண்ணாலே அந்த நாட்டைக் காண வேண்டும், அந்நாட்டுக் கறுப்பின மக்கள் தம்மைக் காண வேண்டும் என்பது அவரது எண்ணம். தனி மனிதர் ஒருவர் அவ்வாறு செல்வதில் நியாயம் இருக்கலாம். டேவிஸ் கிண்ணமோ தனி மனிதரின் போட்டியன்று. அங்கே கொடிக்கு எதிரே கொடி நிற்கிறது. நிறவெறி அரசின் கொடியை ஏற்று அதன் எதிரே நிற்பது, அந்த அரசும் மற்ற அரசுகளைப் போன்றதே என்று சாட்சி சொல்லுவதாகும். மேலும், தென்னாபிரிக்க இந்தியருக்கு இழைக்கப்பட்ட அநீதியை 1946இலேயே ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டு சென்றதும், அந்நாட்டோடு வாணிபத்தை முறித்துக்கொண்டதும் இந்தியா. 28 ஆண்டுகள் பேசிவந்த பேச்சை ஒரு வெள்ளிக் கிண்ணத்திற்காக விழுங்கியிருந்தால், அப்பேச்சுக்கு அதன்பின் யார் மதிப்புத் தருவர்?

ஆகவே முடிவு சரி. எமது விசாரணை இங்கேதான் தொடங்குகிறது. சரியான முடிவு என்பதால் அதன் செலவைக் கணக்கிடாது விட்டுவிடலாமா?

விலை கொடுத்தவர் யார்?

முடிவைச் செய்தது டெனிஸ் சங்கமும் அரசும். அவற்றின் அலுவலகங்கள் மறுநாளும் வழமைபோலத் திறந்தன. அமைச்சர்களின் பதவிக்கு ஊறு வரவில்லை. சங்க நிர்வாகிகளுக்கு ஒரு காசும் குறையவில்லை. முடிவைப் பாராட்டிய பொதுமக்களுக்கும் இழப்பு இல்லை. இருபது வயது இளைஞன் ஒருவனும், அவனுடைய தமையனும், அணியின் ஏனையோருமே இழந்தவர்கள். கல்கத்தாவின் வெயிலில் 327 கேம்கள் ஆடி முன்னேறியவர்கள் அவர்கள். மேடையில் நின்று "யாம் மறுத்தோம்" என்று சொன்ன எவரும் அந்த வெயிலில் நிற்கவில்லை.

இருபது வயதில் இழந்ததை எவரும் திருப்பித் தர இயலாது. அமிர்தராஜ் மீண்டும் ஒரு டேவிஸ் கிண்ண இறுதியாட்டத்தைக் காண 13 ஆண்டுகள் காத்திருந்தார். 1987இல், அவர் தலைமையில், இந்தியா டெல்லியில் ஆர்ஜென்டீனாவையும், சிட்னியில் அவுஸ்திரேலியாவையும் வென்று மூன்றாம் முறையாக இறுதிக்கு வந்தது. இராமநாதன் கிருஷ்ணனின் புதல்வர் ரமேஷ் கிருஷ்ணன் அப்போது அணியின் முதுகெலும்பு. இறுதியாட்டம் சுவீடன் நாட்டிலே கொதென்பேர்க் நகரில். இந்தியா 5-0 எனத் தோற்றது. அமிர்தராஜுக்கு அந்த வாரந்தான் 34 வயது நிரம்பியிருந்தது. விளைந்த காலத்தில் அறுக்கவிடாமல் தடுத்துவிட்டு, நிலம் தரிசான பின் அரிவாளைக் கையிலே கொடுத்தாற் போன்றது அது.

அவர் அந்த இழப்புக்காக நாட்டை வெறுத்தாரா? இல்லை. 1974இன் பின்னும் இந்தியாவுக்காக ஆடினார். தொழில்முறை ஆட்டத்திலும் ஓயவில்லை. 1979 விம்பிள்டனில் போர்க்கை இரண்டுக்கு ஒன்று என்று செட் கணக்கில் முந்தி நின்று தோற்றார். 1981இல் கால் இறுதியிலே கொனர்சை முதல் இரு செட்களிலும் வென்று பின் தோற்றார். உலக வரிசையில் முதல் இருபது பேருள் ஒருவராக விளங்கினார். 1984ஆம் ஆண்டு முழுவதிலும் ஜோன் மக்கென்ரோ தோற்ற ஒற்றையர் ஆட்டங்கள் மூன்றே. அவற்றுள் ஒன்று சின்சினாற்றியில் அமிர்தராஜிடம். வென்றவற்றைவிட மயிரிழையிற் தவறவிட்டவற்றுக்காகவே அவரைப் பலர் நினைவிற் கொள்ளுகின்றனர். அந்த மயிரிழைகளுள் 1974ஐச் சேர்ப்பது தவறு. மற்றவை அவர் கை தவறியவை. அஃது ஒன்று மட்டும் பொதுநன்மைக்காக அவர் கையிலிருந்து எடுக்கப்பட்டது.

எமது நாட்டில் நடந்தது

இதற்கு நேர்மாறான ஒரு கதை எமது தீவிலே உண்டு. இலங்கை கிரிக்கெட் அணி தனது முதலாவது டெஸ்ட் போட்டியைக் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் 1982 பெப்ரவரியில் ஆடிற்று. அணித் தலைவர் பந்துல வர்ணபுர. அதே ஆண்டின் பிற்பகுதியில், அவரது தலைமையிலேயே ஆட்டக்காரர் குழு ஒன்று, 'அரோசா சிறீலங்கா' என்ற பெயரில், நிறவெறி அரசின் கீழிருந்த தென்னாபிரிக்காவுக்குப் போய் ஆடிப் பணம் பெற்றது. கிரிக்கெட் சபை அவர்களுக்கு 25 ஆண்டுத் தடை விதித்தது. தடை முழுக் காலமும் நீடிக்கவில்லை என்பது வேறு. ஆயினும் அவர்களுட் பலரின் ஆட்ட வாழ்வு அத்தோடு முடிந்தது.

அவர்கள் செய்தது பிழை. தமது நிறத்தாரையே இழிவுசெய்த ஓர் அரசுக்கு அவர்கள் காட்சிப் பொருளாயினர். ஆயினும் தண்டனையை எழுதிய கையோடு சபை இன்னொன்றையும் செய்திருக்க வேண்டும். அக்காலத்தில் எமது நாட்டுக் கிரிக்கெட் ஆட்டக்காரனுக்கு விளையாட்டால் வயிறு நிரம்பியதில்லை. வறிய ஆட்டக்காரனிடம் "கொள்கையைக் கைவிடாதே" என்று சொல்லும் சபை, கொள்கையைக் கைவிடாதவனுக்கு என்ன கைம்மாறு செய்தது? போகாமல் நின்றவர் பலர். போனவரின் பெயர்கள் இன்றும் பேசப்படுகின்றன. பணம் வந்து கதவைத் தட்டியும் போகாதவரின் பெயர்களைச் சொல்லுவார் உண்டா? பிழை செய்தவனைத் தண்டிக்கச் சட்டம் எழுதுவோர், சரியாய் நின்றவனைத் தாங்கவும் ஒரு சட்டம் எழுத வேண்டும். இல்லாவிடின் அச்சட்டம் ஒற்றைக் காலில் நிற்கும்.

மறுத்த கையே வரவேற்றது

தென்னாபிரிக்கா 1970களின் இறுதியில் மீண்டும் டேவிஸ் கிண்ணத்திலிருந்து விலக்கப்பட்டது. 1992இலேயே திரும்பி வந்தது. விளையாட்டுப் புறக்கணிப்பு மாத்திரமே நிறவெறியை வீழ்த்தியது என்று நாம் சொல்லவில்லை. அந்நாட்டு மக்களின் போராட்டமும், சிறையும், உயிர்ப்பலியுமே முதற் காரணம். ஆயினும் உலகம் எம்மை ஒதுக்குகிறது என்ற உணர்வை ஒவ்வொரு வெள்ளையர் வீட்டுக்குள்ளும் கொண்டு சென்றது விளையாட்டுத் தடையே. வாணிபத் தடையை வணிகன் உணர்வான்; ஆட்டம் நின்றுபோனதை ஊர்முழுதும் உணரும்.

1990இல் நெல்சன் மண்டேலா சிறையிலிருந்து வெளிவந்தார். 1991 நவம்பர் 10ஆம் நாள், நீண்ட தடை நீங்கித் தென்னாபிரிக்கக் கிரிக்கெட் அணி தனது முதலாவது சர்வதேச ஒருநாள் ஆட்டத்தை ஆடிற்று. ஆடிய இடம் கல்கத்தா ஈடன் தோட்டம். எந்த நகரிலே வென்ற அணி 1974இல் தென்னாபிரிக்காவோடு ஆட மறுத்ததோ, அதே நகரம் மாறிய தென்னாபிரிக்காவை முதலில் வரவேற்றது. மறுப்பு என்பது பகையன்று. நீதி வரும்வரை கதவைச் சாத்தி வைப்பது. நீதி வந்தபின் அதே கதவைத் திறந்துவிட வேண்டும். இந்தியா இரண்டையும் செய்தது.

அமிர்தராஜ் தமது பங்கையும் செய்தார். 1985இல் சென்னையிலே 'பிரிட்டானியா அமிர்தராஜ் டெனிஸ்' பயிற்சித் திட்டம் தொடங்கிற்று. இளைஞரைத் தங்கவைத்துப் பயிற்றிய அத்திட்டத்தில் வளர்ந்த லியாண்டர் பயஸ், 1996 அத்லாந்தா ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வென்றார். 2001இல் ஐக்கிய நாடுகள் சபை அமிர்தராஜைத் தனது சமாதானத் தூதர்களுள் ஒருவராக நியமித்தது. 2024இல் அவரும் பயசும் ஒரே நாளில், அமெரிக்காவின் நியூபோர்ட் நகரிலுள்ள சர்வதேச டெனிஸ் புகழ் மண்டபத்திற் சேர்க்கப்பட்டனர். 50 ஆண்டுகளுக்கு முன் இழந்த கிண்ணத்துக்கு அஃது ஈடாகுமா? ஆகாது. ஆயினும், விலை கொடுத்தவனை உலகம் அடியோடு மறந்துவிடவில்லை என்ற ஆறுதல் உண்டு.

எமக்குரிய பாடம்

இனி எமது ஊருக்கு வருவோம். மறுப்பு என்னும் ஆயுதம் எமக்கும் புதியதன்று. கதவடைப்பு, பகிஷ்கரிப்பு, பணிப்புறக்கணிப்பு என்று அதற்குப் பல பெயர் உண்டு. கையில் ஆயுதம் எடுக்காத மக்களுக்கு எஞ்சியிருக்கும் வலிமை அதுவே. அதனைக் கைவிடச் சொல்லும் எண்ணம் எமக்கு எள்ளளவும் இல்லை. ஆனால் கதவடைப்பு நாளொன்றின் கணக்கை யாராவது எழுதிப் பார்த்ததுண்டா?

முல்லைத்தீவுக் கரையில் விடியற்காலையில் வள்ளத்தைக் கரைசேர்க்கும் மீனவனின் மீனை ஏற்ற அன்று லொறி வராது. மாலைக்குள் அது கருவாட்டுக்கும் உதவாது. முள்ளியவளையிலும் தண்ணீரூற்றிலும் கத்தரியும் பயற்றங்காயும் பறித்து வைத்த கமக்காரன், அவற்றை மாட்டுக்குப் போட வேண்டியதுதான். பசு கதவடைப்பை அறியாது. அது பால் சுரந்தே தீரும், வாங்குவார்தான் இரார். காலபோக அறுவடைக்கு நாள் குறித்து இயந்திரம் பேசியவனுக்கு, அந்த நாள் தவறினால் அடுத்த முறை எப்போது என்று தெரியாது. நாட்கூலிக்குச் செல்லும் பெண்ணுக்கு அன்றைய அடுப்பே கேள்விக்குறி. முச்சக்கர வண்டி ஓட்டுபவனுக்குக் கடன் தவணை மட்டும் நிற்காது.

சட்டத்தரணிக்கு என்ன இழப்பு? வழக்கு வேறு தவணைக்குத் தள்ளப்படும். கட்டணம் எங்கும் போய்விடாது. அரச உத்தியோகத்தருக்கும் ஆசிரியருக்கும் மாதச் சம்பளம் மாத முடிவில் வந்து சேரும். அறைகூவல் விடுப்போரின் தொழில்களைப் பாருங்கள். அந்த நாளின் நட்டத்தைச் சுமப்போரின் தொழில்களைப் பாருங்கள். 1974இல் டெனிஸ் சங்கத்தின் மேசைக்கும் கல்கத்தா மைதானத்துக்கும் இடையே இருந்த தூரம் இங்கேயும் இருப்பதைக் காண்பீர்கள்.

இத்தூரத்தைக் குறைப்பதற்கு மூன்று நெறிகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, கேட்டல். இழப்பவனின் வாயால் வரும் சொல்லைக் கேளாது அவன் தலையில் இழப்பைச் சுமத்தலாகாது. மறுதரப்பைக் கேளாமல் தீர்ப்பெழுதுதல் சட்டத்தில் எவ்வளவு பெரிய குற்றமோ, அரசியலிலும் அவ்வளவு பெரிய குற்றம். கதவடைப்புக்கு நாள் குறிக்கும் முன் கமக்கார அமைப்பையும், மீனவர் கூட்டுறவுச் சங்கத்தையும், சந்தை வியாபாரிகளையும் அழைத்துக் கேட்க வேண்டும். நாளை ஒருநாள் தள்ளிவைத்தால் ஓர் அறுவடை தப்பும் எனின், தள்ளிவைப்பதில் என்ன மானக்குறை? பாலுக்கும், நோயாளிக்கும், பரீட்சைக்குச் செல்லும் பிள்ளைக்கும் விலக்கு அளிப்பதில் என்ன பலவீனம்?

இரண்டாவது, பகிர்தல். மாதச் சம்பளம் பெறுவோர் அந்த ஒரு நாட் சம்பளத்தைப் பொது நிதியில் இடட்டும். சட்டத்தரணிகளும் வைத்தியரும் ஒருநாள் வருமானத்தை இடட்டும். அந்த நிதி நாட்கூலிக் குடும்பங்களுக்கும் அழிந்த விளைபொருளுக்கும் போகட்டும். தொகை சிறிதாயிருக்கலாம். ஆனால் "நீ மட்டும் இழக்கவில்லை" என்று ஒருவனுக்குச் சொல்லும் சொல் சிறிதன்று. பகிர்ந்த சுமையோடு மக்கள் நெடுந்தூரம் நடப்பர். ஒருவன் தலையில் வைத்த சுமை அடுத்த சந்தியில் இறக்கப்படும்.

மூன்றாவது, பதிவு செய்தல். எந்த நாளில், எந்தக் கோரிக்கைக்காக, யார் என்ன இழந்தனர், அதனால் கிடைத்தது என்ன என்று எழுதிவைக்க வேண்டும். அமிர்தராஜின் இழப்பு உலகத்தின் நினைவில் நிற்பதற்குக் காரணம் அது டேவிஸ் கிண்ண ஏட்டில் எழுதப்பட்டிருப்பதே. எமது மீனவனின் அழுகிய மீன் எந்த ஏட்டிலும் இல்லை. எழுதிவைத்தால் இன்னொரு பயனும் உண்டு: பயன் தராத அறைகூவல்களை அந்த ஏடே காட்டிக்கொடுக்கும்.

"இவ்வாறு கணக்குப் பார்த்தால் போராட்டமே நடவாது" என்று சிலர் கூறுவர். அவர்களுக்கு எமது விடை இது. கணக்குப் பாராமல் விதைத்த கமக்காரன் எவனும் இல்லை. எத்தனை புசல் விதைநெல், எத்தனை நாள் நீர், எத்தனை ஆள் என்று எண்ணித்தான் வயலில் இறங்குகிறான். எண்ணியதனால் அவன் விதைக்காமல் விடவில்லை. எண்ணியதனாலேயே அடுத்த போகத்துக்கும் அவனிடம் விதைநெல் மிஞ்சுகிறது. மக்களின் பொறுமையும் தியாகமும் ஒரு சமூகத்தின் விதைநெல். அதனை அள்ளி வீசுவதற்கு எவருக்கும் உரிமையில்லை.

இந்தியா 1974இல் ஆட மறுத்தது நீதி. அந்த நீதியின் விலையை இருபது வயது இளைஞன் ஒருவனின் கையிலிருந்து முழுதாக வாங்கிக்கொண்டு, நாடு முழுவதும் பெருமையைப் பங்கிட்டுக்கொண்டது நீதியன்று. எமது மண்ணில் அவ்வாறு நடவாதிருக்க வேண்டும். அடுத்த அறைகூவலுக்கான கூட்டம் எங்கே கூடினாலும், அந்த மேசையில் ஒரு மீனவனும், ஒரு கமக்காரனும், நாட்கூலிக்குச் செல்லும் ஒரு பெண்ணும் அமர்ந்திருக்க வேண்டும். அவர்கள் இல்லாத மேசையில் எடுக்கப்படும் முடிவுக்கு அவர்களிடம் விலை கேட்கும் உரிமை எமக்கில்லை.